கண்ணுக்குப் பட்டு

கல்யாணத்துக்கு வருவதாக இருதயநாதன் ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. கப்பலில் தூங்குவதற்குக் கண்ணில் கட்டிக்கொள்ள ஒரு மாஸ்க் வேண்டும். அது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும்.

நிபந்தனையின் முன்பாதி அவர் மனைவி ஆரோக்கியசெல்வியுடையது. பின்பாதி அவருடையது. விஷமெல்லாம் பின்பாதியில்தான் இருந்தது.

கல்யாணம் செல்வியின் அண்ணன் மார்ட்டினுடைய மகள் சுபிதாவுக்கு. தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊர். போர்ட் பிளேரிலிருந்து சென்னை வரை கப்பல், அங்கிருந்து ரயில். செல்வி பிறந்த ஊரைப் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஏதாவது சொல்லி இருதயநாதன் தட்டிக்கழித்துவிடுவார். இந்தத் தடவை தூக்கத்தைச் சொன்னார்.

"எனக்குக் கப்பல்ல பொட்டுத் தூக்கம் வராது செல்வி. பங்க் கிளாசு அடுக்குப் படுக்கையில ராவும் பகலும் லைட்டு எரியும். மூணு ராத்திரி முழிச்சிட்டுப் போனேன்னா, தாலி கட்டுற நேரத்துல பாதர் மேல சாஞ்சிருவேன்."

"அப்ப பிளைட்டுல போவோம்."

"உங்க அண்ணனுக்குக் கட்டி வச்சிருக்கியே, கருவாட்டு மூட்டை. அது ஜன்னல் சீட்டுல உக்காந்து வருமா?"

செல்வி யோசித்தாள். "அப்ப லைட்டுதான் பிரச்சினை."

"லைட்டுதான்."

"வேற ஒண்ணும் இல்லியே?"

"வேற என்ன இருக்கு?"

"சரி. கண்ணுக்குப் போடுற மாஸ்க் விக்குதாம். பக்கத்து வீட்டு ஷீலா சொன்னா."

"மாஸ்க்கா? அந்த நோய் போயி எவ்வளவு நாளாச்சு!"

"அது வாய்க்கு. இது கண்ணுக்கு. உங்களுக்கு ரெண்டும் தேவைதான். இப்போதைக்குக் கண்ணுக்குப் பாப்போம்."

அப்போதுதான் இருதயநாதன் அந்தப் பின்பாதியைச் சேர்த்தார். "நல்லதா, எனக்குப் புடிச்ச மாதிரி ஒண்ணு கெடைக்கட்டும். அடுத்த நிமிஷம் பெட்டியக் கட்டுதேன். கெடைக்கலன்னா, பாவம், நீ மட்டும் போயிட்டு வா. கல்யாணம் நின்னுரக் கூடாது பாரு."

அந்த 'பாவம்' யாருக்கு என்பதை அவர் விளக்கவில்லை.

விளக்கியிருந்தால் மின்னி பே வரை போயிருக்க வேண்டும். அங்கே அவருடைய சிநேகிதர் நாகலிங்கம் மனைவி கருப்பாயியோடு இருந்தார். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து சின்ன வயசில் வந்த குடும்பம். தீவில் ரப்பர் தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு சின்ன டிங்கிப் படகு இருந்தது. செல்வி ஊருக்குப் போனால் இருவரும் தினமும் தூண்டில் போடுவது, பிடித்ததைச் சுட்டுத் தின்பது, பிறகு ரம்மி ஆடுவது, ஈரத் துண்டைக் கட்டில் மேலேயே போடுவது என்று ஒரு திட்டம் ரொம்ப நாளாகவே ஊறிக்கொண்டிருந்தது. கடைசி அம்சம் இருதயநாதனுடைய சொந்த யோசனை. ஈரத் துண்டு விஷயத்தில் அவர் அவ்வளவு அடக்குமுறையை அனுபவித்திருந்தார்.

திட்டத்தில் அவருக்குத் துளி சந்தேகம் இல்லை. ஷாதிபூரில் கயிறும் தூண்டில் சாமானும் விற்கும் கடை அவருடையது. வாங்குகிற எண்ணமே இல்லாமல் வருகிறவன் எப்படிக் குறை சொல்வான் என்பதைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தே படித்தவர். கயிறு நைலானா என்பான். ஆமாம் என்றால் வழுக்கும் என்பான். இல்லை என்றால் இத்துப்போகும் என்பான். அந்த மகான்களை எல்லாம் மனசுக்குள் வணங்கிவிட்டு இருதயநாதன் வேலையில் இறங்கினார்.

முதல் மாஸ்க் அபர்தீன் பஜாரிலிருந்து வந்தது. சாட்டின் துணி. பளபளவென்று ரோஸ் கலர். மூடிய இமை இரண்டும், நீள நீள இமைமுடிகளும் நூலில் தைத்திருந்தது.

"இதப் போட்டா நான் தூங்குறேனா, வெக்கப்படுறேனான்னு பாக்குறவனுக்குத் தெரியாது."

"கண்ண மூடுனப்புறம் கலர் என்னத்துக்கு?"

"வேர்க்குது செல்வி. சாட்டின்னா அப்படித்தான். முகத்துல பிளாஸ்டிக் பை மாட்டுன மாதிரி இருக்கு."

இரண்டாவது, பஞ்சுத் துணி. வியர்வையை எல்லாம் தானே குடித்துவிட்டு ஈரத் துணியாகக் கண்ணில் கிடந்தது. காய்ச்சல்காரனுக்குப் பற்றுப் போட்ட மாதிரி இருப்பதாக அவர் சொன்னார். மூன்றாவதில் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு கிண்ணம் வைத்திருந்தது. இமை துணியில் உரசாதாம். அது அவருக்கே பிடித்திருந்தது. ஆகையால் சற்று யோசிக்க வேண்டியிருந்தது.

"ஒருக்களிச்சுப் படுத்தா கிண்ணம் அமுக்குது."

"நீங்க என்னைக்கு ஒருக்களிச்சுப் படுத்திய? கல்யாணமான நாள்லேருந்து மல்லாந்துதான கெடக்கிய?"

"இது வீடு. கப்பல்ல ஒருக்களிச்சுத்தான் படுக்கணும். அலைக்குத் தோதா."

நான்காவதின் வார் ஒட்டுகிற பட்டை. "முடியப் புடிச்சு இழுக்குது" என்றார்.

செல்வி அவர் தலையை ஒரு சுற்றுப் பார்த்தாள். வெறும் பார்வையால் ஒரு மனிதனை வழுக்கையாக்க முடியும் என்று இருதயநாதன் அன்று அறிந்தார்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டு ஷீலா விஷயத்துக்குள் வந்தாள். கராச்சர்மா பஸ் நிறுத்தத்தை ஒட்டி பியூட்டி பார்லர் வைத்திருக்கிறவள். தீவிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழைத் தொடங்கினால் இந்தியில் போய் இறங்குவாள்.

"பையா, இப்படி ஒண்ணொண்ணா வாங்கினா காம் நஹி பனேகா, வேலைக்கு ஆகாது. அசல் ரேஷம் வேணும். பட்டு. மல்பெரிப் பட்டு. கன்னத்துல வச்சா ஜில்லுன்னு இருக்கணும், கசக்கினா சத்தமில்லாம அடங்கணும். மூக்குப் பக்கம் வெளிச்சம் நுழையாம ஒரு மடிப்பு வேணும். வார் அகலமா இருக்கணும், காதுக்கு மேல போகணும். சமஜ் கயே?"

புரிந்தது. புரிந்ததுதான் பிரச்சினை. ஒரு குறைக்கும் இடமில்லாமல் சொல்கிறாளே!

"பட்டு விஷயத்துல பட்டுன்னு முடிவெடுக்கக் கூடாது ஷீலா" என்றார் இருதயநாதன். தம் சிலேடையைத் தாமே ரசித்துச் சிரித்தார். "உங்க அக்கா ஒரு பட்டுச் சேலை எடுக்குறதுக்குக் கடையப் பூரா புரட்டுவா. நான் வாசல்ல செருப்புக்குக் காவல் நிப்பேன். இப்ப என் முறை."

"உங்க முறைதான். நல்லா நிதானமாப் பாருங்க" என்றாள் செல்வி.

அவள் இவ்வளவு சாந்தமாகப் பேசியது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. அது அவர் பக்கக் கோளாறு.

ஷீலா அப்படி ஒன்றை மெயின்லேண்டிலிருந்து வரவழைத்தாள். தீவுக்கு எதை வரவழைத்தாலும் அது தன் இஷ்டத்துக்குத்தான் வரும். கப்பல் டிக்கெட்டுக்கு நாள் நெருங்க நெருங்க இருதயநாதன் முகம் மலர்ந்தது. பார்சல் வழியிலேயே தொலைந்துவிடும் என்று நாகலிங்கத்துக்கு உறுதி கொடுத்தார். தூண்டில் முள்ளில் நல்லதாகப் பொறுக்கி, கடையிலேயே தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்தார்.

பார்சல் வந்துவிட்டது.

கருநீலம். கையில் எடுத்தால் கனமே இல்லை. கன்னத்தில் வைத்தார். ஜில்லென்றது.

"இன்னிக்குத்தான் டிக்கெட் கவுன்டர் தொறக்குறான்" என்றாள் செல்வி, கைப்பையை எடுத்துக்கொண்டே. "நான் போயி வரிசையில நிக்கேன். நீங்க போட்டுப் படுத்துப் பாருங்க. அவசரப்படாதிய. கவுன்டர் கிட்ட போனதும் போன் பண்ணுதேன். ஒத்து வந்தா ரெண்டு டிக்கெட், இல்லன்னா ஒண்ணு."

"மனசாட்சிப்படி சொல்லுதேன் செல்வி."

கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. இருதயநாதன் ஹாலில் இருந்த பிரம்பு சோபாவில் மல்லாந்து படுத்தார். போனை நெஞ்சின் மேல் வைத்தார். மாஸ்க்கை மாட்டினார்.

ஜன்னலில் கொதித்துக்கொண்டிருந்த வெயில் காணாமல் போனது. மூக்கோரம் ஒரு கீற்று இல்லை. வார் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கண்ணைத் திறந்தாலும் இருட்டு, மூடினாலும் இருட்டு. நடுக்கடலுக்கு அடியில் யாரும் தேடாமல் கிடப்பது போன்ற சுகம். பவுடர் வாசனை மெல்ல வந்தது. பட்டுக்கே ஒரு வாசனை உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

இதில் என்ன குறை சொல்வது? வெகுநேரம் யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தார். ரொம்பக் குளிர்ச்சி. ஜலதோஷம் பிடிக்கும்.

போன் மணி அடித்தது. தடவித் தடவி எடுத்தார். எங்கே விரல் பட்டதோ, ஸ்பீக்கரில் போய் விழுந்தது.

"செல்வி..." என்று பலவீனமாக ஆரம்பித்தார்.

"செல்வியா? என்னாப்பா இருதயம், நான் நாகலிங்கம். தனியாத்தானா இருக்க?"

"அட நீயா! தனியாத்தான். அவ டிக்கெட்டுக்குப் போயிட்டா."

"சாமான் வந்திருச்சின்னு கேள்விப்பட்டேன். எப்படி இருக்கு?"

"நாகலிங்கம், பொய் சொல்லக் கூடாது. இந்த மாதிரி ஒரு சாமான் உலகத்துல கெடையாது. தொட்டில்ல கெடக்குற மாதிரி இருக்கு. இதப் போட்டுட்டு நடு ரோட்டுல படுத்தாலும் தூங்கலாம். கப்பல் என்ன கப்பல்!"

"ஐயோ! அப்ப நீ போறியா?"

"நான் என்ன கிறுக்கனா? ஜலதோஷம்னு சொல்லப்போறேன். ரெண்டு தும்மலும் போட்டுக் காட்டணும். அவ நம்பிருவா. அவ ஒரு அப்பாவி. அவ அண்ணன் வீட்டுல போயி, அந்த மார்ட்டின் அளக்குறதயெல்லாம் உக்காந்து கேக்க என்னால முடியாது. நீ டிங்கிய எறக்கு. கப்பல் கண்ணுக்கு மறைஞ்சதும் நான் அங்க நிக்கேன்."

"நிசமாத்தானே?"

"பாரு, இப்பவே தும்முறேன். சரியா இருக்கான்னு சொல்லு."

தும்மினார். நன்றாகவே வந்தது.

"பகவான் பலா கரே" என்று தும்மலுக்கு வாழ்த்தியது ஒரு குரல்.

அது போனிலிருந்து வரவில்லை.

இருதயநாதன் மாஸ்க்கைத் தொடவில்லை. கழற்றாத வரைக்கும் எதிரில் யாரும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு வேறு வழியில்லாமல் மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றினார்.

எதிரே ஒரு நாற்காலியில் செல்வி, இன்னொன்றில் ஷீலா. நடுவில் ஒரு தட்டு. இருவரும் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் உரித்தாகிவிட்டது. பவுடர் வாசனை ஷீலாவுடையது.

"பையா, ஜலதோஷத்துக்கு என்கிட்ட தைலம் ஹை" என்றாள் ஷீலா. "லாவூன் க்யா? எடுத்துட்டு வரட்டுமா?"

இருதயநாதன் வாயைத் திறந்தார். தும்மல்கூட வரவில்லை.

செல்வி கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை எடுத்தாள். "நாகலிங்கம் அண்ணே, டிங்கிய எறக்கிராதிய. அவுக ஊருக்கு வாறாக."

மறுமுனையில் லைன் கட்டானது. நாகலிங்கம் தன் ஆயுசில் எதையும் அவ்வளவு சுறுசுறுப்பாகச் செய்ததில்லை.

"நீ... கவுன்டருக்குப் போகல?"

"கவுன்டர் முந்தாநேத்தே தொறந்தாச்சுங்க. நான் போயி ரெண்டு டிக்கெட் எடுத்தும் ஆச்சு."

"அப்ப ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"கருப்பாயி அக்கா போன வாரமே சொல்லிட்டாக. நாகலிங்கம் அண்ணனுக்குத் தூக்கத்துல பேசுற வழக்கமாம்." அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். "டீ போடவா?"

அவள் திட்டியிருந்தால் அவருக்குத் தெம்பாக இருந்திருக்கும். பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பார். டீ போடவா என்கிறவளிடம் என்ன பேசுவது? சரி என்றார். டீயும் நன்றாகவே இருந்தது. அதுதான் அவரைக் கடைசியாக உடைத்தது. அன்று சாயங்காலமே உட்கார்ந்து கருவாட்டு மூட்டைக்குத் தம் கடைக் கயிற்றில் தாமே முடிச்சுப் போட்டார்.

கப்பலில் நல்ல கூட்டம். கல்யாணச் சீசன், அவர்கள் சர்ச் பங்கு ஜனத்தில் பாதி அதே பங்க் கிளாசில் மூட்டை முடிச்சோடு ஏறியிருந்தது. செல்வியின் சித்தி வழிச் சொந்தங்கள் எதிர்வரிசை பூராவும் உட்கார்ந்திருந்தார்கள். இருதயநாதனுக்கு மேல் படுக்கை. சரியாக அவர் மூஞ்சிக்கு நேரே டியூப் லைட். அது அணைவதாக இல்லை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது: இந்த லைட்டில் பொட்டுத் தூக்கம் வராது.

மத்தியானச் சாப்பாடு முடிந்தது. கீழ்ப் படுக்கையில் செல்வி காலை நீட்டினாள். கைப்பையைத் திறந்து கருநீலப் பட்டு மாஸ்க்கை எடுத்துத் தன் கண்ணில் கட்டிக்கொண்டாள். வாரைக் காதுக்கு மேலே பதமாக ஏற்றிக்கொண்டாள்.

இருதயநாதன் மேலிருந்து தலையைத் தொங்கவிட்டார்.

"செல்வி."

"ம்."

"கொஞ்ச நேரம் எனக்கும் குடேன். கண்ணு எரியுது."

செல்வி மாஸ்க்கைத் தூக்கவே இல்லை.

"வேண்டாங்க. அதப் போட்டா நீங்க உண்மை பேசிருவிய. கப்பல் பூராவும் எங்க சொந்தக்காரங்க."