கைப்பிடி இல்லாத கார் பற்றி மச்சானுக்கு ஒரு விளக்கம்

செவன் கிங்ஸ், லண்டன்.
புதன்கிழமை

மாதாவின் காவலில்.

பாரிசில் வாழும் என் மதிப்புக்குரிய மச்சான் யாக்கோப்பு அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் கஸ்பர் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் இவ்விடம் நல்ல சுகம். தங்கள் தங்கை மரியநாயகி ஃபாரஸ்ட் கேட்டில் மகள் டயனாவின் வீட்டில் நல்ல சுகம். ஒரே குடும்பத்தின் சுகம் இரண்டு விலாசத்தில் இருப்பது ஏன் என்று போன ஞாயிறு தொலைபேசியில் கேட்டீர்கள். நான் வாய் திறக்க முன்னமே "உமக்கு விசரோ?" என்று கேட்டுவிட்டு வைத்தும்விட்டீர்கள். அதற்கான பதில் கீழே. வாட்ஸப்பில் எழுதினால் அது குடும்பக் குழுவுக்குப் போய், கனடாவைச் சுற்றிக்கொண்டு மரியநாயகியிடமே வந்து சேரும் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

மச்சான், எனக்கு விசர் இல்லை, புத்தி சரியாகத்தான் இருக்கிறது. நான் இருபத்தாறு வருடம் லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். எல்லாம் என்னுடைய பழைய டீசல் காரில்தான் தொடங்கியது. அது புகை கக்குகிறதாம், ஆகவே றோட்டில் இறக்குகிற ஒவ்வொரு நாளும் பன்னிரண்டரைப் பவுண் கட்டவேண்டும் என்றார்கள் நகரசபைக்காரர். கோயிலுக்குப் போனாலும் அதே பன்னிரண்டரை, கறிவேப்பிலை வாங்கப் போனாலும் அதே பன்னிரண்டரை. ஆனால் நாற்பது வயது தாண்டின சரித்திரக் கார்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. நாற்பதுக்கே இல்லையெண்டால் எழுபதுக்கு என்ன பயம் எண்டு யோசிச்சன். எசெக்ஸ் பக்கத்தில ஒரு பண்ணையில 1954ஆம் ஆண்டுக் கார் ஒண்டு நிண்டது. அதுக்குள்ள எஞ்சின் இல்லை, நாலு கோழி இருந்தது. கோழி இல்லாமல் அறுநூறு பவுண் எண்டு பேசி, லொறியில ஏத்திக்கொண்டு வந்து வீட்டு முன்வாசலில இறக்கினன். மரியநாயகி யன்னலாலை பாத்தவ. திரைச்சீலையை இழுத்து மூடினவ.

பழைய மாதிரியே திருத்தித்தான் ஓடுவம் எண்டு நினைச்சன். பக்கத்து வீட்டுக் கல்யாணசுந்தரம் கெடுத்துப்போட்டார். அவர் திருச்சிக்காரர், பாங்கில கம்பியூட்டர் வேலை, கிழமையில மூண்டு நாள் வீட்டிலயிருந்துதான் செய்யிறவர். நான் காரின்ர துருக் கறள் சுரண்டிற சத்தத்தில மீற்றிங் நடத்த ஏலாமல் இருக்கெண்டு முறைப்பாடு சொல்ல வந்தவர், காரைப் பாத்திட்டு மதிலில கையை ஊண்டிக்கொண்டு நிண்டிட்டார்.

"கஸ்பர் சார், இதை ஹாட் ராட் பண்ணிடலாம்" எண்டார்.

"அதென்ன?" எண்டு கேட்டன்.

"கூரையை வெட்டிக் குறைக்கணும். பானெட்டைக் கழட்டிடணும். பெரிய எஞ்சினா வச்சு, அது வெளியே தெரியணும். சத்தம் நாலு தெருவுக்குக் கேக்கணும் சார்."

சத்தம் எண்டு முறைப்பாடு சொல்ல வந்த மனுசன் இப்பிடிச் சொன்னார். உங்களுக்கு ஒளிக்காமல் சொல்லுறன் மச்சான், எனக்கு அந்த இடத்திலயே மனம் அதில விழுந்திட்டுது. இருபத்தாறு வருசம் மணி அடிச்சால் நிப்பாட்டி, மணி அடிச்சால் எடுத்து, பின்னால ஆரேன் ஓடி வந்தால் அவருக்கும் நிப்பாட்டி ஓடினவன் நான். ஒருத்தருக்கும் நிப்பாட்டாமல், சத்தம் போட்டுக்கொண்டு, ஒருக்காப் போகவேணும் எண்டு எனக்கு ஆசை இருந்தது எண்டது எனக்கே அண்டைக்குத்தான் தெரியும்.

ஓய்வுபெறேக்க கிடைச்ச காசில நாலாயிரம் இதுக்கெண்டு ஒதுக்கினன், அதுக்கு மேல ஒரு சதம் தொடமாட்டன் எண்டு உங்கட தங்கச்சிக்கு மாதா படத்துக்கு முன்னால சத்தியம் பண்ணினன். அந்தச் சத்தியத்தைக் காப்பாத்தத்தான் எல்லாக் கரைச்சலும் வந்தது. பின்பக்கம் நசுங்கின ஒரு ஜப்பான் காரின்ர எஞ்சினை மலிவா எடுத்தன், அது இதுக்குள்ள கொள்ளேல்லை, கொள்ளப்பண்ண அடிச்சட்டத்தை வெட்டி நீட்டினம். பெயின்ற் கடைக்காரன் மூவாயிரம் கேட்டான், ஆனபடியால் வீட்டு முன்கதவுக்கு அடிச்ச நாவல் நிறப் பெயின்ற் மிச்சம் இருந்ததை நானே றோலராலை உருட்டினன், தூரத்தில நிண்டு பாத்தால் வடிவு. எஞ்சின் காத்து இழுக்கிற வாய்க்கு வலை வேணும் எண்டாங்கள், மா அரிக்கிற அரிதட்டு அளவாய் இருந்தது. அது எங்கை போனதெண்டு மரியநாயகி மூண்டு கிழமை தேடினவ, நானும் சேர்ந்து தேடினன். கூரையை நாலு அங்குலம் வெட்ட முன்னம் நான் பெயின்ற் வாளியைக் கவிட்டு வைச்சு அதில குந்தி இருந்து தலைக்கு எவ்வளவு இடம் வேணும் எண்டு அளந்தன். அளவு சரிதான். ஆனால் பிறகு கோயில் மண்டபத்தில எறிஞ்ச சோபாவைச் சும்மா கிடைக்குதெண்டு எடுத்துச் சீற்றாப் போட்டம், அது வாளியை விட அரை அடி உயரம். இப்ப நான் தலையை இடப்பக்கம் சரிச்சு வைச்சுத்தான் ஓடவேணும், காதுக்குள்ள தண்ணி போனவன் மாதிரி. அதுக்கும் பழகிட்டன்.

றோட்டில ஓடலாமோ எண்டு பாக்கிற வாகனப் பரிசோதனையில மூண்டாம் முறை பாஸ். அது முடிஞ்ச பிறகுதான் கல்யாணசுந்தரம் கதவைப் பற்றிக் கதை எடுத்தார். "கதவுல கைப்பிடியே தெரியக் கூடாது சார். வழுவழுன்னு இருக்கணும். ரிமோட்டை அமுக்கினா திறக்கும், உள்ள ஒரு பட்டன்."

"பற்றரி இறங்கினால்?"

"இறங்காது சார். நான் கணக்குப் போட்டிருக்கேன்."

அவர் படிச்ச மனுசன். கைப்பிடியைக் கழட்டி ஓட்டையை அடைச்சன்.

இந்தக் கட்டத்திலதான் வாகனப் பதிவுக்காரரின்ர கடிதம் வந்தது. அடிச்சட்டத்தை வெட்டினபடியால் இது இனிச் சரித்திரக் கார் இல்லையாம். நான் கதிரையில இருந்திட்டன். பிறகு கல்யாணசுந்தரம் தேடிப்பாத்து, "பரவாயில்ல சார், நாம வச்ச எஞ்சின் புது பெட்ரோல் எஞ்சின், அதுக்கு எப்படியும் கட்டணம் இல்ல" எண்டார். அப்பிடியெண்டால் முதலே ஒரு சாதாரணப் பெற்றோல் கார் வாங்கியிருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிராது எண்டது எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில விளங்கினது. அவர் மீற்றிங் இருக்கெண்டு போயிட்டார், நான் ஸ்பானரைத் தேடப் போனன்.

இனி மாதா திருநாள். ரெண்டு வருசமா அந்தக் காரைத் தொடாத உங்கட தங்கச்சி, டயனாவின்ர கலியாணத்துக்கு எடுத்த பச்சைப் பட்டை உடுத்துக்கொண்டு வந்து, "மழை வருமோ?" எண்டு மட்டும் கேட்டிட்டு ஏறினவ. வழியெல்லாம் சனம் படம் எடுத்தது. பஸ் தரிப்பில நிண்ட ஒரு கிழவனுக்கு அவ கையைக் கூடக் காட்டினவ. என்ர தலை அந்தப் பக்கம் சரிஞ்சிருந்தபடியால் நான் அதை வடிவாக் கண்டன்.

கோயில் வாசலில நிப்பாட்டிக் கதவுப் பொத்தானை அமுக்கினன். திறக்கேல்லை. ரிமோட்டை அமுக்கினன். பற்றரி செத்துப்போச்சு. வெளியில இழுக்கக் கைப்பிடியும் இல்லை. அந்த நேரம் பாத்து மாதா சுரூபம் பாண்ட் வாத்தியத்தோட சுற்றுப்பிரகாரம் வந்திட்டுது. முழுக் கோயிலும் எங்களுக்கு முன்னால செபமாலையோட நிண்டிட்டுது. யன்னலுக்குக் கண்ணாடி போடக் காசு காணாமல் விட்டது நல்லதாப் போச்சு, கூரை வெட்டின பிறகு யன்னல் ஒரு அடிதான் மிச்சம், அதாலை பாடகர் குழுவில ரெண்டு பேரும், செபமாலையோட வந்த பியற்றிஸ் அக்காவும் சேர்ந்து உங்கட தங்கச்சியை வெளியில இழுத்தவை. முதல் தலை, பிறகு தோள், பிறகு கொஞ்சம் சுணங்கினது, பிறகு மிச்சம். ஒரு செருப்பு உள்ளுக்கு விழுந்திட்டுது. அவ சேலையை நேராக்கி, ஒற்றைச் செருப்போட மாதாவுக்குப் பின்னால நடந்து போனவ.

என்னை இழுக்க ஒருத்தருக்கும் நினைவு வரேல்லை. பூசை முடியுமட்டும் உள்ளுக்குத்தான் இருந்தன். பிரசங்கம் ஒலிபெருக்கியில வடிவாக் கேட்டது, பொறுமையைப் பற்றி. முடிஞ்சு வரேக்க மரியநாயகி யன்னலாலை கையை விட்டுச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, "மீன்கறி பிரிட்ஜில இருக்கு. சூடாக்கிச் சாப்பிடுங்கோ" எண்டா. பிறகு பஸ் எடுத்து ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போயிட்டா. ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பன் மச்சான். மீன்கறியைச் சூடாக்கி வைச்சு நான் சாப்பிடேல்லை.

அவ போய் இப்ப ரெண்டு கிழமை. போன் எடுத்தால் டயனாதான் கதைக்கிறாள். எனக்கு நேர மன்னிப்புக் கேக்க ஏலாமல் கிடக்கு, முப்பத்தெட்டு வருசத்தில நாங்கள் அப்பிடிக் கதைச்சுப் பழகேல்லை. ஆனபடியால் காரை விக்கிறதெண்டு முடிவெடுத்திட்டன். சனிக்கிழமை ஒராள் பாக்க வாறார். இந்தக் கடிதம் கிடைச்ச உடனை நீங்கள் உங்கட தங்கச்சிக்கு ஒரு கோல் எடுத்து, கஸ்பர் காரை வித்திட்டான், பிழையை உணர்ந்திட்டான், இனி வாழ்நாளில ஸ்பானர் தொடமாட்டான், நீ வீட்டை போ எண்டு சொல்லவேணும். உங்கட சொல்லை அவ தட்டமாட்டா.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். தங்கள் முழங்கால் வலி குறைந்து, தாங்கள் படியேறி நடக்கத் தேவதாய் துணை நிற்பாராக.

தங்கள் கீழ்ப்படிவுள்ள,
ம. கஸ்பர்

பி.கு.: ஞாயிறு பின்னேரம் எழுதுறன், மேல எழுதினதை எல்லாம் விட்டுவிடுங்கோ. நேற்றுக் காரைப் பாக்க வந்தவர் தாடி வைச்ச ஒரு வெள்ளைக்காரன். அந்த நேரம் பாத்து மரியநாயகி பிரசர்க் குளிசை எடுக்க டயனாவோட வந்திறங்கினவ. அவன் காரைச் சுத்திப் பாத்திட்டு, இதைவிட என்ர பாட்டன் கோழிக்கூடு நல்லாக் கட்டுவார் எண்டு சொல்லிச் சிரிச்சான். மரியநாயகி பையைக் கீழ வைச்சிட்டு, "யூ மேக் ஒன்?" எண்டு அவனைக் கேட்டா. அவன் இல்லை எண்டான். "மை ஹஸ்பண்ட் மேக். நொட் ஃபோர் சேல்" எண்டு சொல்லிப் படலையைச் சாத்திப்போட்டா. பிறகு என்னைப் பாக்காமலே உள்ளுக்குப் போய்த் தேத்தண்ணி வைச்சா, ரெண்டு கோப்பை. ஆகையால் நீங்கள் அவவுக்குக் கோல் எடுக்கவேண்டாம், நான் பிழையை உணர்ந்ததாக ஒருபோதும் சொல்லவேண்டாம். முத்திரை ஒட்டியாச்சு, அதை வீணாக்க மனமில்லாமல்தான் இதை அனுப்புறன். மற்றது, நத்தார்ப் பண்டிகைக்கு உங்கட வீட்டை இந்தக் காரிலதான் வாறதெண்டு அவ சொல்லிப்போட்டா. வாசலில நிப்பாட்ட இடம் பிடிச்சு வையுங்கோ. சத்தத்தைப் பற்றி உங்கட தெருச் சனத்துக்கு இப்பவே ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறது நல்லது.