வாசலில் வைத்த வெற்றிலை

தென்காசி,
1942, ஆடி மாதம், வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, குழல்வாய்மொழி வணங்கி எழுதுவது. நானும் பிள்ளை குற்றாலிங்கமும் இங்கு சுகம். பிள்ளையின் இடுப்பைப் பற்றி மட்டும் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். தங்கள் கடிதங்களுக்கு இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுவதற்கு மன்னிக்கவும். பூட்டுகளை இழுத்துப் பார்ப்பதிலேயே பொழுது போய்விடுகிறது.

சென்னையில் குண்டு விழும் என்று எங்களை என் பிறந்த ஊருக்கு அனுப்பினீர்கள். இங்கே எதுவும் விழவில்லை, எல்லாம் காணாமல்தான் போகிறது. குற்றாலத்தில் சாரல் காலம் வேறு, ஊரெங்கும் வெளியூர்க் கூட்டம். எதிர்வீட்டு அண்டா போனதையும் கோடிவீட்டுச் சேவல் போனதையும் மழை பெய்ததைச் சொல்வது போலச் சொல்கிறார்கள். நான் பயந்துபோய், அத்தை பிள்ளைக்குப் போட்ட வெள்ளி அரைஞாணைக் கழற்றி நாளுக்கொரு இடத்தில் ஒளித்து வைத்தேன். செவ்வாயன்று தேடினால் எந்த இடத்திலும் இல்லை. வைத்த இடம் எனக்கே நினைவில்லை, திருடனுக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள்! நாளை வெள்ளிக்கிழமை அத்தை கடையத்திலிருந்து பேரனைப் பார்க்க வருகிறார்கள். வெறும் இடுப்பைக் கண்டால் என் படிப்பைத்தான் முதலில் இழுப்பார்கள். அடுத்த வீட்டு மூக்கம்மாள் மதினியிடம் போய் அழுதேன்.

"ஏட்டி, இதுக்கா அழுத? பொறவாசல்ல வெத்தல பாக்கு வையி, பலவேசம் பாத்துக்கிடுவான்."

"பலவேசம் யாரு மதினி?"

"நம்ம தெருக் களவாணிட்டி!"

பால்காரரைச் சொல்வது போலச் சொல்கிறாள். புறவாசலில் வெற்றிலை வைத்தால் 'போன பொருள் திரும்ப வேண்டும்' என்று அர்த்தமாம். இண்டர்மீடியட் படித்தவள் இதற்கு இணங்குவேனா? தெருக்கோடியில் குடியிருக்கும் போலீஸ் ஏட்டையாவிடம் போனேன். "வெத்தல வச்சாச்சாம்மா?" என்றுதான் அவரும் கேட்டார். வந்து வைத்தேன். பதற்றத்தில் முன்வாசற்படியில் வைத்துவிட்டேன். வாசலில் வைத்தால் விருந்துக்கு அழைப்பாம்! மறுநாள் உச்சிப்பொழுதில் வெளுத்த வேட்டியும் சந்தனமுமாக ஒருவர் வந்து பாயில் உட்கார்ந்தார். அப்பா சுரண்டைக்குப் போயிருந்தார்கள். அவர்களுடைய சிநேகிதர் என்று நினைத்து அவியலும் பாயசமுமாகப் பரிமாறினேன். கை கழுவிவிட்டு, "நம்மளப் பலவேசம்னு சொல்லுவாவ" என்றார்.

ஆனாலும் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை அத்தான்.

"அண்ணாச்சி, நாய் குரைக்காதா?"

"குட்டியிலேருந்து பாக்குதுல்லா, எதுக்குக் கொலைக்கும்?"

அரைஞாணைச் சொன்னதும் அவர் முகம் சுண்டிவிட்டது. "நா எடுக்கலையே தாயி! என் தெருவுல எவனோ வெளியூர்க்காரன் கை வச்சிருக்கான். எனக்குல்லா மானக்கேடு! தின்ன சோத்துக்கு அந்திக்குள்ள கொண்டாந்து தாரேன்."

சொன்னபடி கொண்டுவந்தார். பளபளவென்று தேய்த்தே கொடுத்திருக்கிறார். சற்று இறுக்குகிறது, பிள்ளை பெருத்துவிட்டான் போலும். ஆயினும் இவனை வைத்துக்கொண்டு இங்கே இருக்க எனக்குத் தைரியமில்லை. உடனே வந்து அழைத்துப் போங்கள். குண்டுக்கு நம் வீடு தெரியாது, இவருக்குத் தெரியும்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரமும் குழந்தைகளுக்கு ஆசியும் சொல்லவும். பூட்டிவிட்டுப் படுக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் குழல்வாய்மொழி

பி.கு.: உறை ஒட்டப் பசை காய்ச்சலாம் என்று அரிசிமாவு டப்பாவைத் திறந்தேன். அடியில் நம் அரைஞாண் இருக்கிறது! இப்போது வர வேண்டாம் அத்தான். அண்ணாச்சி எந்தப் பிள்ளையின் இடுப்பிலிருந்து கொண்டுவந்தாரோ, அத்தை வருவதற்குள் அங்கே சேர்த்தாக வேண்டும். எந்தப் புறவாசலில் வெற்றிலை இருக்கிறது என்று பார்த்துவர, பொழுது சாய்ந்ததும் நானே கிளம்புகிறேன். நாய்களுக்கு என்னைத் தெரியாது, அதுதான் பயம்.