விசாரணை சிஸ்டரும் இரண்டு சேவியர்களும்

தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் காகிதம் இல்லாமல் நுழைந்தாலும் நுழையும். விசாரணை சிஸ்டரின் கையிலிருந்து ஒரு சளி மாத்திரைகூட விசாரணை இல்லாமல் எவன் வாய்க்குள்ளும் நுழையாது.

அவருடைய நிஜப் பெயர் எங்களுக்குத் தெரியாது. மருந்துத் தட்டோடு கட்டிலருகே வந்தால் முதலில் உங்கள் பெயரைக் கேட்பார். பிறகு அப்பா பெயர். பிறகு, முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று கேட்பார். காய்ச்சலோடு வந்த தன் வீட்டுக்காரரிடமே அப்பா பெயர் கேட்டவர். மாமனார் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். ஊரார் பெட்டியெல்லாம் குடைந்து பார்த்த கஸ்டம்ஸ் அதிகாரி ஒருவர், மாத்திரையை விழுங்கியபின் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டி, அனுமதி வாங்கித்தான் படுத்தார்.

எழுபதுகளின் கடைசி. நான் கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் குமாஸ்தா. துருப்பிடித்த ஆணி காலில் ஏறி, புண் பழுத்து, சிஸ்டர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் படுத்தேன். காலையில் வேறொரு நர்ஸ் பென்சிலின் ஊசி போட்டபோது நான் போட்ட கூச்சலில், வெளியே வரிசையில் நின்ற இரண்டு பேர் வைத்தியமே வேண்டாமென்று வீட்டுக்குப் போய்விட்டார்களாம். அடுத்த ஊசி மாலை நாலு மணிக்கு.

மத்தியானம் பக்கத்துக் கட்டிலுக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். சங்கு குளிப்பவர், காதில் சீழ். ஆள் பாய்மரம் மாதிரி. பெயர் கேட்டேன். சேவியர் பர்னாந்து. என் பெயரும் அதுவேதான். இதில் அதிசயமில்லை, எங்கள் கடற்கரையில் நாலைந்து புனிதர்களின் பெயரைத்தான் ஊரே பங்கு போட்டுக்கொள்ளும். அப்பா பெயர்? மிக்கேல். என் அப்பாவும் மிக்கேல். என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது.

"அண்ணாச்சி, இங்கன சன்னல் காத்து நல்லா வருது. நீங்க இதுல படுங்க."

"உனக்கு வேண்டாமாலே?"

"கடக்காத்து எனக்குச் சேராது."

கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் பிறந்தவன் சொன்னதை அவர் நம்பினார். என் கேஸ் சீட்டு தொங்கும் கட்டிலில் அவர் படுத்தார். நான் அவர் கட்டிலில், போர்வைக்குள்.

நாலு மணிக்கு சிஸ்டர் வந்தார்.

"பேரு?"

"சேவியர் பர்னாந்து," என்றார் அண்ணாச்சி.

"அப்பா பேரு?"

"மிக்கேல்."

போர்வைக்குள் நான் சிரித்தேன்.

"முன்ன எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா அண்ணாச்சி?"

"போன வருசம் பென்சிலின் ஊசி ஒண்ணு போட்டாவ. மூஞ்சி வீங்கி மூச்சு நின்னுட்டு. ஃபாதர் வந்து, சாவப்போறவனுக்குப் பூசுற எண்ணெயப் பூசிட்டே போயிட்டாரு. எப்பிடியோ பொழைச்சேன்."

புண் காலை மறந்து குதித்தேன். போர்வை சுற்றி, சிஸ்டரின் காலடியில் போய் விழுந்தேன்.

"அவருக்குப் போடாதிய சிஸ்டர். அந்த ஊசி எனக்கு. எனக்குத்தான் போடணும்."

சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பேரு?"

"சேவியர் பர்னாந்து."

"அப்பா பேரு?"

வரவில்லை. இருபத்தாறு வருஷம் சோறு போட்ட மனிதரின் பெயர் வரவே இல்லை. "அந்தோணி," என்றேன். அது என் மாமனார்.

"மிக்கேல்னு சொல்லுலே," என்றார் அண்ணாச்சி.

"நீங்க எடுத்துக் குடுக்கக்கூடாது அண்ணாச்சி. இனி அவரு சொன்னாலும் செல்லாது."

ஊசிக்குப் பயந்து கட்டில் மாறியவன், ஊசி போடச் சொல்லி அரை மணி நேரம் கெஞ்சினேன். கடைசியில் அப்பாவே காபி ஃபிளாஸ்க்கோடு வந்து, விசாரணையில் தன் பெயரைச் சொல்லி, என்னைத் தன் மகன்தான் என்று ஒப்புக்கொண்டார். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான்.

அண்ணாச்சியின் கேஸ் சீட்டில் பென்சிலின் கூடாது என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதிவிட்டு, சிஸ்டர் எனக்கு ஊசி போட்டார். நான் சத்தமே போடவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் நிற்காமல் வந்தது.

"வலிக்குதா தம்பி?"

"ஆமா சிஸ்டர்."

ஊசியை எடுத்து வெகுநேரம் ஆகியிருந்தது. பக்கத்துக் கட்டிலில் அண்ணாச்சி நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஊசி போடும்போது நான் எட்டிப் பிடித்த தன் கையை சிஸ்டர் இன்னும் இழுத்துக்கொள்ளவில்லை. எதற்கு அழுகிறாய் என்று அந்த ஒரு கேள்வியை மட்டும் அவர் என்னிடம் கேட்கவே இல்லை.