நிகராகுவா சுருட்டும் நெய்வேலித் தண்ணீரும்

பொறுமை என்ற குணம் பூமியில் எங்கே பிறந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அது வளர்ந்து, ஆளாகி, குவார்ட்டர்ஸ் வாங்கிக் குடியேறிய இடம் நெய்வேலி என்பதில் சந்தேகமே இல்லை. விலாசம்கூட உண்டு: கரிக்கிடங்கு சூப்பிரண்டு இசக்கிமுத்து அவர்களின் பூஜை அறை, கீழ்த்தட்டு, ஊறுகாய் ஜாடி.

எந்தக் கிடங்கு என்று கேட்காதீர்கள். பெயர் சொன்னால் மெமோ வரும்.

ஜாடிக்குள் இருந்தவை நிகராகுவா நாட்டுச் சுருட்டுகள். ராட்சத எந்திரம் பூட்ட வந்த ஜெர்மன்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது ஒரு பெட்டியைப் பரிசளித்து, "உடனே குடிக்காதே. ஈரப்பதத்தில் வை. வருஷம் ஏற ஏறத்தான் ருசி" என்று உபதேசித்துவிட்டு விமானம் ஏறினார். அன்று அவரோடு சேர்ந்து பிடித்த முதல் சுருட்டில் இசக்கிமுத்து இருமிய இருமல் டவுன்ஷிப்பின் அடுத்த வட்டம்வரை கேட்டது. அதை அவர் 'ஞானம் உள்ளே இறங்கிய சத்தம்' என்றே குறிப்பிடுவார்.

தேவதாரு மரப்பெட்டியில் வைக்க வேண்டும் என்பது ஜெர்மன்காரரின் கட்டளை. நெய்வேலியில் அகப்பட்ட தேவதாரு, மனைவி பேச்சியம்மாளின் சீர்வரிசையில் திருநெல்வேலியிலிருந்து வந்த பீங்கான் ஜாடி. எலுமிச்சை ஊறுகாயைக் காலி செய்து, கழுவி, சுருட்டுகளை அடுக்கி, சுற்றிலும் ஈரச்சாக்கு கட்டினார்.

"ஏங்க, சாமி படத்துக்குக் கீழயா சுருட்டு?" என்றாள் பேச்சியம்மாள்.

"நம்ம ஊர்ல சுடலைமாடனுக்கே சுருட்டுதானே படைக்காங்க?"

"படைச்ச சுருட்ட மாடன் அன்னைக்கே குடிச்சிருவாரு. இப்படி வருசக்கணக்கா ஊறப்போட மாட்டாரு."

சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ளும் 'உயர்தொழில்நுட்பப் பொறுப்பு' பாவாடை என்பவருக்கு வழங்கப்பட்டது. பாவாடை கிடங்கில் கான்ட்ராக்ட் ஆள். அங்கேயும் அவருக்குத் தண்ணீர் வேலைதான். பழுப்பு நிலக்கரிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வெட்டிக் குவித்து வெயிலில் காயவிட்டால், யாரும் தீ வைக்காமலே தானாகப் பற்றிக்கொள்ளும். அது பற்றாமலிருக்க ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடிப்பார் பாவாடை. பிறகு சைக்கிள் மிதித்து வந்து, சுருட்டு உலராமலிருக்கச் சாக்கில் தண்ணீர் தெளிப்பார். இரண்டு இடத்திலும் தண்ணீர் நிரந்தரம். அவர்தான் தற்காலிகம்.

ஒருநாள் தெளித்து முடித்ததும் தலையைச் சொறிந்தார்.

"ஐயா, பத்து வருசத்துக்கு மேல கான்ட்ராக்ட்டுலயே ஓடிக்கினு இருக்கேங்க. வர்ற ஆடியோட வயசு தாண்டிப்பூடுது. அப்பறம் பர்மனென்ட்டே கெடையாதாம். வூட்டுக்காரி ஆதிலட்சுமிக்கு மூச்சு இழுப்பு. ஆஸ்பத்திரி கார்டாவது கெடைக்கும். நீங்க ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா..."

இசக்கிமுத்து ஜாடியருகே குனிந்தார். ஜாடியைத் திறந்து ஒரு சுருட்டை எடுத்தார். காதருகே வைத்து, இரண்டு விரலால் மெல்ல உருட்டினார்.

"கேக்குதா?"

"இல்லீங்க."

"பேசுதுலே! 'இன்னும் கொஞ்சம்'னு சொல்லுது. மனுசனும் இப்படித்தாம்லே, பாவாடை. அவசரப்பட்டா காட்டம்தான் மிஞ்சும். ஊறட்டும்."

"சுருட்டுக்கு ஆடி வந்தா ஒண்ணும் ஆவாதுங்க. எனக்கு ஆவும்."

"ஊறட்டும்" என்றார் இசக்கிமுத்து, இன்னும் கனிவாக.

பாவாடை போனதும் பேச்சியம்மாள் வந்தாள். "ஒரு கையெழுத்தப் போட்டா உங்க பேனா தேஞ்சா போவும்?"

"உனக்குப் புகையிலையும் தெரியாது, நிர்வாகமும் தெரியாது."

"ரெண்டும் ஒண்ணுதான்னு இப்பத்தானே தெரியுது."

மகான்களுக்கு வீட்டில் மரியாதை கிடையாது.

அக்னி நட்சத்திரம் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'சுவைத் திருநாள்' அறிவிக்கப்பட்டது. சிறப்பு விருந்தினர், இசக்கிமுத்துவுக்கு மேலதிகாரியான வேலுமணி. அவருடைய மூக்கு டிபார்ட்மென்டிலேயே புகழ்பெற்றது. காபிக் கொட்டை எந்த மலையில் விளைந்தது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடும்.

பாவாடைக்கு அன்று மாலை கிடங்கில் டியூட்டி.

"ஐயா, வெயிலு மண்டையப் பொளக்குது. கரிக்குத் தண்ணி வுடலன்னா..."

"கரி ஒரு நாள் பொறுத்துக்கும்லே. பெரியவர் வர்றார். நீ இங்க நின்னு தீக்குச்சி பிடி."

வராந்தாவில் பிரம்பு நாற்காலிகள். வேலுமணி சுருட்டை வாயில் வைத்துக் கண்களை மூடினார். பாவாடை குச்சியைக் கிழித்து நீட்டினார். வருஷக்கணக்காகத் தண்ணீர் குடித்த சுருட்டு "உஸ்" என்றது. குச்சி அணைந்தது. அடுத்த குச்சி. அதுவும் அணைந்தது.

கண் திறக்காமலே வேலுமணி இழுத்தார்.

"ஆஹா! எலுமிச்சை!"

"நிகராகுவா மண்ணு சார்" என்றார் இசக்கிமுத்து, பணிவாக.

"கூடவே லேசா உப்பு."

"கடலோர நாடு சார்."

"இருங்க, இப்பத்தான் முழு வாசனையும் வருது. அடேயப்பா! கந்தகம்! சுட்ட மண்ணு! எரிமலையே மூக்குக்குள்ள வந்து உக்காந்தமாதிரி!"

"எரிமலை நாடேதான் சார் அது!" இசக்கிமுத்து நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். வருஷக்கணக்கான தவம். அவரும் தம் சுருட்டை ஆழ இழுத்து, "என்ன புகை, என்ன புகை!" என்றார்.

"ஐயா" என்றார் பாவாடை.

"சும்மா இருலே. பெரியவர் அனுபவிக்கிறார்ல?"

"அதில்லீங்க. சுருட்டு இன்னும் பத்தவே இல்லீங்க."

வேலுமணி கண்ணைத் திறந்தார். எதிர்வரிசை வேப்பமரங்களுக்குப் பின்னால், கிடங்கு இருக்கும் திசையில், கரும்புகை கோபுரம்போல எழுந்து நின்றது. அந்த நேரத்தில் ஊதக்கூடாத ஷிஃப்ட் சங்கு ஊதியது.

ஆட்சேதம் இல்லை. ஒரு குவியல் கரியும் ஒரு மூக்கின் புகழும் மட்டும் சாம்பலாயின.

விசாரணை அதிகாரியாக வேலுமணியே நியமிக்கப்பட்டார். அவரைவிடப் புகையை நெருக்கமாக அறிந்தவர் யார்?

"தண்ணீர் அடிக்க வேண்டியது யார்?"

"பாவாடை, சார்" என்றார் இசக்கிமுத்து.

"எங்கே இருந்தார்?"

தங்கள் வாய்க்கு நேரே என்று சொல்ல முடியுமா? "இடத்தில் இல்லை, சார்."

"மெமோ கொடுங்கள்!"

எஸ்டாப்ளிஷ்மென்ட் கிளார்க் ராமசாமி எழுந்தார். "சார், கான்ட்ராக்ட் ஆளுக்கு மெமோ கொடுக்க ரூல் இல்ல. கம்பெனி ரோல்லயே இல்லாத ஆள் கடமை தவறினார்னு எப்படி எழுதறது?"

"அப்போ யாருக்குத்தான் கொடுக்கலாம்?"

"ரோல்ல இருக்கிற ஆளுக்கு. கிடங்குப் பொறுப்பு..." ராமசாமி இசக்கிமுத்துவை அன்போடு பார்த்தார்.

வருஷக்கணக்காக ஊறிக்கொண்டிருந்த கையெழுத்து அந்த நிமிஷமே பழுத்து விழுந்தது. தீப்பிடித்ததற்கு முந்தின நாளிலிருந்தே பாவாடை நிரந்தர ஊழியர் என்று ஆர்டர் ஆனது. அதன் மை காயும் முன் மெமோ. அதன்மேல் சஸ்பென்ஷன். சஸ்பென்ஷனில் பாதிச் சம்பளம் உண்டு. அந்தப் பாதி, அவர் கான்ட்ராக்ட்டில் வாங்கிய முழுசைவிடக் கனமாக இருந்தது. ஆதிலட்சுமிக்கு ஆஸ்பத்திரி கார்டும் வந்தது.

இதில் ஒரே ஒரு சிறு குறை. மெமோவுக்குப் பாவாடை பதில் கொடுத்தால்தான் விசாரணை முடியும். பாவாடையோ பதில் எழுதுவதாகவே இல்லை.

ஆடி பிறந்ததும் இசக்கிமுத்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, வடலூர்ச் சாலையில் இருந்த பாவாடை வீட்டுக்கே போய்விட்டார்.

"ஒரு பதில் எழுதிக் குடுத்திருய்யா. விசாரணை முடிஞ்சாத்தான் எனக்கும் பெரியவருக்கும் பிரமோஷன்."

ஆதிலட்சுமி டீ கொண்டுவந்து வைத்தாள். பாவாடை பீடிக்கட்டிலிருந்து ஒன்றை உருவினார். காதருகே வைத்து, இரண்டு விரலால் மெல்ல உருட்டினார்.

"கேக்குதுங்களா?"

"என்னது?"

"'இன்னும் கொஞ்சம்'னு சொல்லுதுங்க. அவசரப்பட்டா காட்டம்தான் மிஞ்சும். ஊறட்டுங்க."

இசக்கிமுத்துவுக்கு டீ புரையேறியது. பாவாடையே அவர் தலையைத் தட்டிவிட்டு, விசாரித்தார்.

"கிடங்குல இப்ப யாருங்க தண்ணி வுடுறது?"

"மாணிக்கம்மாள்னு ஒரு பொம்பள. புதுசா வந்திருக்கா."

"பர்மனென்ட்டுங்களா?"

பழக்கதோஷம். இசக்கிமுத்துவின் வாய் "ஊற..." என்று திறந்து, பாதியில் மூடிக்கொண்டது.

பாவாடை பீடியைப் பற்ற வைத்தார். ஒரே குச்சியில் பற்றியது.

"அப்ப அந்தம்மாவுக்காகவும் கிடங்கு ஒருவாட்டி தீப்புடிக்கணுங்களா, ஐயா?"