ஆறு கேப்டன்களும் ஒரு ஏசி ரிமோட்டும்

இந்திய ஒருநாள் கிரிக்கெட் அணியைத் தேர்ந்தெடுக்கத் தகுதியுள்ள ஒரே மனிதர் இந்தியாவில் இல்லை. துபாய் அல் கூஸில், எங்கள் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப் வாசலில், ஒரு கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் அவரை ‘செலக்டர்’ என்றார்கள். வேலை கேம்ப் பாஸ். யாருக்கு எந்த ரூம், எந்தக் கட்டில், சமையல் முறை யாருக்கு என்று முடிவு செய்பவர். திருநெல்வேலிக்காரர். கம்பெனி ரெக்கார்டில் வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார்.

ஊரிலிருந்து புதிதாக வருகிறவன் ஏர்போர்ட் வேனிலிருந்து இறங்குவான். செலக்டர் பாஸ்போர்ட் காப்பியைக் கேட்க மாட்டார்.

“பெட்டிய கீழ வை. ஒன் டே டீம். எந்தக் காலத்து ஆள வேணும்னாலும் எடு. பதினோரு பேரு. யல்லா, ஆரம்பி.”

“பேரு சொல்லணுமாண்ணே?”

“பேரு மட்டும் சொல்லப்புடாது. ஆட்டத்தச் சொல்லு. பேரச் சொன்னா இந்த வாசல்லயே நாலு பேரு சட்டையப் பிடிச்சுக்கிடுவான்.”

வந்தவன் திருதிருவென்று விழித்து, தொப்பியோடு ஆடிய காலத்து ஓப்பனர் ஒருவர், அவருக்கு ஜோடியாக நேற்றுப் பையன் ஒருவன், அறுபது ஓவர் ஆட்டம் ஆடிய ஆல்ரவுண்டர் (“அந்தாளு ஓவர்டைம் பாத்தவரு, எடுக்கலாம்” என்பார் செலக்டர்) என்று அணியை அடுக்குவான். செலக்டர் கண்ணை மூடிக் கேட்பார். பிறகு ரூம் நம்பர் சொல்வார்.

அவருடைய சித்தாந்தம் எளிமையானது. ஏழு பேட்ஸ்மேன் எடுக்கிறவன் பாத்திரம் கழுவ மாட்டான். ஐந்து பவுலர் எடுக்கிறவனை நம்பி பாத்ரூமை ஒப்படைக்கலாம். கீப்பரை மறந்துவிடுகிறவன் அடுப்பை அணைக்காமல் டியூட்டிக்குப் போவான். தன் காலத்து ஆட்களை மட்டும் எடுக்கிறவன்தான் ஆபத்தானவன். அவன் ஏசியைப் பதினாறில் வைத்துவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்குவான், மற்றவர்கள் நடுங்குவதைப் பற்றிக் கவலைப்படமாட்டான்.

நான் அந்தக் கம்பெனியில் அட்மின் பிரிவில் இருந்தேன். அதற்கு முன் சென்னையில் பத்திரிகை வேலை; ஆதாரம் இல்லாமல் எதையும் நம்புவதில்லை என்ற பழக்கம் போகவில்லை. இது பைத்தியக்காரத்தனம் என்று அவரிடமே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என் அணியைக் கேட்டார். சொன்னேன். பதினோரு பேரும் நான் கல்லூரியில் படித்தபோது ஆடியவர்கள்.

“சார் வீட்ல ஏசி பதினாறா?”

“பதினேழு” என்றேன். அந்த ஒரு டிகிரி என் மனைவி போராடிப் பெற்றது.

இத்தனை பேருக்கு ரூம் ஒதுக்கியவரால் தன்னுடைய அணியை மட்டும் முடிக்க முடியவில்லை. பதினோரு பேரையும் எடுத்துவிட்டார். கேப்டன்தான் பிரச்சினை.

“எடுத்ததுல ஆறு பேரு கேப்டனா இருந்தவன் சார். ஒருத்தன் ஸ்லிப்புல நின்னு கையக் காட்டுவான். இன்னொருத்தன் மிட் ஆஃப்ல நின்னு காட்டுவான். பவுலர் யாரப் பாப்பான்? அவனும் கேப்டனா இருந்தவன்தான்!”

இப்படி இருக்கும்போதுதான் முருகேசன் வந்தார். சிவகங்கைப் பக்கத்து ஆள். சவூதியில் பல வருடம் ஃபோர்மேனாக முப்பது பேரை மேய்த்தவர். அந்தக் கம்பெனி மூடியதும் இங்கே ஹெல்பராக வந்துசேர்ந்தார். பதவி போனது, குரல் போகவில்லை. ரூமுக்குள் நுழைந்ததும் ஏசி ரிமோட்டைக் கையில் எடுப்பார். யாராவது கேட்டால் சண்டை. மூன்று ரூம்களிலிருந்து பெட்டியோடு வெளியே வந்துவிட்டார். மூன்று புகார்களும் என் மேஜைக்கு வந்தன. நான்காவது வந்தால் விசாவை கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். ஊரில் மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

விஷயத்தை செலக்டரிடம் சொன்னேன். முருகேசன் வரும்போது அவர் லீவில் இருந்ததால், அணி கேட்கப்படாமலேயே ரூம் கொடுக்கப்பட்டிருந்தது. அதுதான் தவறு என்றார். ஆளைக் கூப்பிட்டார்.

“சொல்லுவே. ஒன் டே டீம்.”

முருகேசன் யோசிக்கவே இல்லை. “ஆளு யாரா வேணாலும் இருந்துட்டுப் போகட்டும்ணே. ஃபீல்டிங்குக்கு ஆள நான் நிறுத்துறேன்.”

செலக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அவர் எழுந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“சார், ஏழாவது கேப்டன் வந்துட்டான்!”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் செய்ததைப் பார்த்து எனக்கு வேர்த்துவிட்டது. கேம்ப்பில் வெவ்வேறு ரூம்களில் சிதறிக் கிடந்த முன்னாள் ஃபோர்மேன்கள் ஐந்து பேரையும் பெட்டி படுக்கையோடு வரவழைத்தார். ஆறாவதாக முருகேசன். ஆறு கட்டில் உள்ள ரூம் ஒன்றில் ஆறு பேரையும் நிறுத்தினார்.

“ஒரு ரூமுக்கு ஒரு ஃபோர்மேனே அதிகம். நாளைக்கே புகார் வரும். இந்த ஆளு ஊருக்குப் போய்ச்சேருவார்” என்றேன் ரகசியமாக.

“இத்தன நாளு என் டீமுல அந்த ஆறு பேருல ஒருத்தனுக்குத்தான் கேப்டன் பதவியக் குடுக்கணும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் சார். ஒருத்தனுக்குக் குடுத்தா அஞ்சு பேருக்கு வயிறு எரியும். ஆளுக்கு ஒண்ணு குடுத்தா?”

கொடுத்தார். ஒருவர் சமையல் முறைக்கு கேப்டன். ஒருவர் பாத்ரூம் வரிசைக்கு. மற்ற மூவருக்கும் டிவி, துணிக்கொடி, லைட் சுவிட்ச். முருகேசன் கையில் ஏசி ரிமோட்டை வைத்தார். ரூமில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

“பொறுங்கவே. ஒரு ரூல் இருக்கு. கேப்டன்னா ஷார்ட் லெக்ல நிக்கணும். பந்து மொதல்ல அவன் மேலதான் படணும். பாத்ரூம் கேப்டன் கடைசியாக் குளிக்கணும். சமையல் கேப்டன் அடி பிடிச்ச சோத்தத் திங்கணும். முருகேசா, ரிமோட் உன் கையில. உன் கட்டில் ஏசிக்கு நேர் கீழ. கலாஸ், அம்புட்டுதான்.”

மறுநாள் காலை முருகேசன் சைட் பஸ்ஸுக்கு வந்த கோலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. வெளியே ஜூலை மாத வெயில். அவர் தலையில் மஃப்ளர், மூக்கில் ஒழுகல்.

“என்னண்ணே, ஊட்டியில டியூட்டியா?” என்றது பின் சீட்.

“பதினெட்டுல வெச்சேன். நேரா மண்டையிலயே எறங்குதுடா.”

இரண்டாம் நாள் இருபத்திரண்டு. மூன்றாம் நாள் இருபத்தைந்து. ஐந்து பேரும் வேர்த்துக் கொட்டினார்கள். அதன்பிறகு முருகேசன் சவூதியில் செய்ததைச் செய்தார். ஃபீல்டிங்குக்கு ஆள் நிறுத்தினார். யாருக்கு அதிகம் வேர்க்கும், யாருக்கு இருமல் என்று ஒவ்வொருவரையும் விசாரித்தார். கனத்த உடம்புக்காரர்களை ஏசி பக்கம் இழுத்தார். இருமல்காரரைக் கதவோரம் அனுப்பினார். அவர் மட்டும் இடம் மாறவில்லை. இருபத்து நான்கு என்று முடிவானது.

நான் நான்காவது புகாருக்காகக் காத்திருந்தேன். மாதம் முடிந்தும் வரவில்லை. மேனேஜர் கேட்டார். “மாஃபி, ஒன்றும் வரவில்லை” என்றேன். பிறகு அந்த ரூமிலிருந்து ஒரு காகிதம் வந்தது. புகார்தான் என்று பிரித்தேன். ஏசி ஃபில்டரை மாற்றித் தரும்படி ஆறு கேப்டன்களும் ஒரே கோரிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். முருகேசனின் விசா ரின்யூ ஆனது. வருட முடிவில் சைட்டில் எட்டுப் பேரை அவர் பொறுப்பில் விட்டார்கள்.

அதற்கு அடுத்த வருடம், மகனின் பிளஸ் டூ படிப்புக்காக என் மனைவி அவனோடு சென்னைக்குப் போனாள். ஃப்ளாட்டில் நான் தனி. ஞாயிற்றுக்கிழமைகளில் கேம்ப்பில் மீன் குழம்பு சாப்பிடப் போக ஆரம்பித்தேன். ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது செலக்டர் பின்னால் வந்து நின்றார்.

“சார், உங்க டீமத் திருப்பிச் சொல்லுங்க.”

சொன்னேன். நான் பிறப்பதற்கு முன் ஆடிய ஒருவரைச் சேர்த்தேன். என் மகன் கொண்டாடும் இரண்டு பேரைச் சேர்த்தேன். என் காலத்து ஆட்கள் மூவரை வெளியே உட்காரவைக்கக் கொஞ்சம் வலித்தது.

அவர் கண்ணைத் திறந்தார். “என் ரூம்ல ஒரு கட்டில் காலியாக் கெடக்கு. கீழ் கட்டில். ஏசிக் காத்து நேரா படாது. ஃப்ளாட்டுல ஒத்தையில கெடக்காதீய.”

கேம்ப்பில் எல்லாம் இரண்டடுக்குக் கட்டில்கள்; கீழ்க்கட்டில் கிடைக்க ஆட்கள் வருடக்கணக்கில் காத்திருப்பார்கள்.

போன மாதம் அவரை போனில் பிடித்தேன். இன்னும் அதே வாசல், அதே நாற்காலி. அவருடைய டீம் முடிந்ததா என்று கேட்டேன்.

“அத முடிச்சுப்புட்டா நாளைக்கு வாரவன்ட்ட நான் என்ன சார் பேச?”

நான் இப்போது சென்னையில் குடும்பத்தோடு இருக்கிறேன். வீட்டு ஏசி இருபத்து நான்கில் ஓடுகிறது. ரிமோட் என்னிடம்தான். கட்டிலில் என் பக்கத்தை ஏசிக்கு நேர் கீழே மாற்றிக்கொண்டிருக்கிறேன்.