காளானுக்கு அத்தான் பெயரை வைத்த விவகாரம்

மரியாதைக்குரிய அத்தானுக்கு மைத்துனி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்கள் உடம்புக்கு என்றைக்கு என்ன வந்திருக்கிறது. அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்க எனக்கு அனுமதி உண்டா தெரியவில்லை, அதனால் கேட்கவில்லை.

காளான் விஷயமாகத்தான் எழுதுகிறேன். பூவுக்கெல்லாம் மனுஷர் பெயரை வைக்கிறார்களாமே என்று பார்க்கும்போதெல்லாம் என் காதில் போட்டது நீங்கள். என் தொழிலில் பூ கிடையாது. மரங்களில் பலகை மாதிரி ஒட்டிக்கொண்டு வளரும் காளான்களைப் பிரித்து, எது எந்தக் குடும்பம், எந்தப் பேரினம், எந்த இனம் என்று வகைப்படுத்துவதுதான் என் பிழைப்பு. இத்தனை வருஷத்தில் புது இனம் என்று எனக்கு வாய்த்தது ஒன்றே ஒன்று. சொந்தப் பெயரைத் தானே வைத்துக்கொள்வதை எங்கள் ஆட்கள் கேவலமாகப் பார்ப்பார்கள். உங்கள் பெயரை வைத்தால் அக்கா பூரித்துப்போவாள் என்று நினைத்தேன், வைத்துத் தொலைத்தேன். பெயரோடு வர்ணனையும் எழுத வேண்டும் என்பது விதி. அதை உங்கள் ஆபீஸ் நண்பர் யாரோ தமிழில் படித்துக் காட்டினாராம்: காம்பு கிடையாது, ஒட்டிய இடத்தை விட்டு நகராது, மேலே பளபளப்பு, அடியில் முழுக்கத் துளை, இடம் கொடுத்த மரத்தை உள்ளுக்குள்ளேயே தின்று தீர்க்கும். உடனே போன் செய்து, "யாரைப் பார்த்து இதை எழுதின?" என்று கேட்டீர்கள். மரத்தைப் பார்த்துத்தான் எழுதினேன், சத்தியமாக. அன்றோடு அக்கா என் போனை எடுப்பதில்லை. எங்கள் அப்பா கட்டின வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து உட்கார்ந்துகொண்டு, அந்த வாசலில் நான் கால் வைக்கக் கூடாது என்று வேறு சொல்லியிருக்கிறீர்களாம். நல்லா இருக்கு அத்தான், ரொம்ப நல்லா இருக்கு.

பெயரை எடு என்றால் எடுக்க முடியாது, வைத்தவளே நினைத்தாலும் விதி விடாது. ஒரே வழிதான்: இது புது இனமே இல்லை, ஏற்கனவே வகைப்படுத்திய பழைய காளான்தான் என்று காட்டினால் பழைய பெயர் நிற்கும், உங்கள் பெயர் தள்ளுபடி. அதையும் செய்துவிட்டேன். வித்துகளின் அளவு வேறு, துளைகளின் நெருக்கம் வேறு என்று மைக்ராஸ்கோப்பில் பளிச்சென்று தெரிகிறது. தெரியாத மாதிரி இரண்டும் ஒன்றே என்று எழுதி ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். சொந்தக் கண்டுபிடிப்பை யாராவது அழிப்பார்களா என்று பக்கத்து மேஜைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கு அக்கா இல்லை. எனக்கு இருப்பவள் ஒருத்திதான், அம்மா போன பிறகு தலை வாரிவிட்டவள். வயிறு எரியுது, கெஞ்சவும் வேண்டியிருக்கு. போனை அவளிடம் கொடுங்கள்.

உங்களுக்கு ஆயுளும் ஆரோக்கியமும் எப்போதும்போல் குறைவில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பெயர் வைத்த பாவத்துக்கு ஆளான
மைத்துனி

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் அக்காவே வந்துவிட்டாள். நீங்கள் ஆபீஸ் போனதும் பூட்டை மாற்றி, உங்கள் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறாள். கடிதத்தை அந்தப் பெட்டி மேலேயே வைத்துவிடலாம் என்கிறாள். வர்ணனையைத் தமிழில் படிக்கச் சொன்னாள், படித்தேன். "ஒரு வார்த்தை மாத்தாதே" என்றாள். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன். நீங்கள் தனி இனம்தான் அத்தான். பெயர் நிற்கும்.