கிரேக்கக் கிராணி என்னைத் தொங்கவிட்ட கதை

ஈப்போ வட்டாரத்திலேயே சாமியை அந்தரத்தில் நிறுத்தி விசாரித்த ஒரே மனிதர் எங்கள் கிரேக்கக் கிராணிதான். அந்தச் சாமி நான். முப்பது வருஷம் ஆகியும் வயிறு எரிகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அவர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, நான் பள்ளிக்கூட வாத்தியார். துரை வேண்டாமென்று எறிந்த பழைய கிரேக்க நாடகப் புத்தகம் கிடைத்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"அங்க ராஜாவே கந்தல் கட்டிக்கிட்டு வர்றான் வாத்தியாரே! சாமியையே நியாயம் கேக்குறாங்க!"

உடனே திருவிழா நாடகத்தில் எங்கள் ராஜாவின் ஜரிகை அங்கியைப் பிடுங்கிவிட்டு, ரப்பர் பால்கறை படிந்த கிழிசல் சட்டையை மாட்டினார். ராணி கையில் பால்வாளி. அநியாயம்!

நல்லவேளை, கடைசிக் காட்சியில் கை வைக்கவில்லை. கிராணியும் இன்னொருவனும் பிடிக்கும் கப்பிக்கயிற்றில் நான் சாமியாக இறங்கி, ராணியின் செத்த பிள்ளையை எழுப்பவேண்டும். அதற்கு மூன்று நாள் விரதம் வேறு இருந்தேன்.

பட்டப்பகலில் நாடகம். நான் பாதி இறங்கியதுமே ஜனங்கள் வழக்கம்போல எழுந்து நின்று கும்பிட்டார்கள். சூடத்தட்டோடு அஞ்சலை முன்னால் வந்தாள். அதற்கு முந்தின மாதம்தான் மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள்.

"சாமி, அந்தப் புள்ளைய எழுப்பப் போறீங்கல்ல? எம்மவளையும் எழுப்பிக் குடுங்க."

கயிறு நின்றுவிட்டது.

"யோவ் கிராணி, எறக்குய்யா!"

"அந்தம்மாவுக்குப் பதில் சொல்லுங்க லா. அப்புறம் எறங்கலாம்."

"அதுக்கு வசனம் எழுதலையே நீ!"

"எனக்குப் பதில் தெரியல வாத்தியாரே. அதான் உங்களக் கேக்குறேன்."

என்ன திமிர்! இடுப்பில் கயிறு அறுக்க, பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கினேன். கீழே அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாழாய்ப்போன அழுகை எனக்கு வந்துவிட்டது.

"என்னால முடியாதும்மா. மன்னிச்சிரு" என்றேன்.

அஞ்சலை தட்டைக் கீழே வைத்தாள். என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு ஓவென்று கதறினாள். மகள் போனதிலிருந்து அவள் அழவே இல்லையாம், பிறகு சொன்னார்கள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு கிராணியிடம் சொன்னாள்: "பாவம் அண்ணே, சாமிய எறக்கி விடுங்க."

தரையில் கால் பட்டதும் அவரை அறையத்தான் ஓடினேன். அவரோடு கயிறு பிடித்தவன், சாமி வந்துவிட்டதென்று என்னைக் கும்பிடப் போய்விட்டானாம். இரண்டு ஆள் பிடிக்கவேண்டிய பாரத்தை இவர் தனியாகத் தாங்கியிருக்கிறார். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து ரத்தமாய் இருந்தன.

ஒரு வாரம் அந்தப் பாவி மனுஷனுக்கு நான்தான் சோறு பிசைந்து ஊட்டினேன்.